பெட்டியும் அட்டியும்: தளம் தாங்குமா?



சரக்கு வாங்கும்போது எடை பார்க்கிறோம். விற்கும்போதும் பார்க்கிறோம். லாரி எடைமேடையில் ஏறி இறங்கிய சீட்டில் ஐந்து கிலோ குறைந்தால் ஃபோனைக் கையில் எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சரக்கை இறக்கி அடுக்குகிற தளம் எத்தனை கிலோ தாங்கும் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்? கடையை வாடகைக்குப் பிடிக்கும்போது அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் யார் கணக்கில், முன்னால் வண்டி நிற்க இடம் உண்டா என்று கேட்பதோடு சரி.

நான் எஞ்சினீயர் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்து அப்பாவின் மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். இங்கே எழுதுவதில் பாதி கொத்தனார்களிடமும், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. மீதிப் பாதி நான் செய்த தவறிலிருந்து கற்றது. அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987-ஆம் வருடம், மார்கழி மாதம். எனக்கு 25 வயது. எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. திண்டுக்கல்லில் செய்தது, மூன்றரை அடி உயரம், சுமார் ஆறு குவிண்டால் கனம். அப்பா காலத்திலிருந்து அதே இடத்தில் நின்றது. கீழே கடப்பைக் கல் தளம். அந்த வருடம் பெட்டியின் முன்பக்கம் இடது கால் கொஞ்சம் இறங்கியிருந்தது. கதவைத் திறந்தால் தானாக வெளியே ஓடி வரும். பார்சல் பெட்டியிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து ஆப்பாக அடித்து வைத்தேன். கடையில் வேலை பார்த்த 19 வயதுப் பையன், "அண்ணாச்சி, பெட்டி முன்னால சாயுற மாதிரி இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னான். "பொங்கல் வியாபாரம் முடியட்டும், ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்போம்" என்றேன்.

பொங்கல் வரை அது காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலையில் பெட்டிக் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு நான் ரோக்கம் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் முன்னால் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தான். கடப்பைக் கல் 'படக்'கென்று உடைந்தது. பெட்டி முன்பக்கமாகச் சாய்ந்து அவன் வலது காலின்மேல் விழுந்தது. ஆறு பேர் கடப்பாரை போட்டு நெம்பித்தான் தூக்க முடிந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தோம். கல்லுக்குக் கீழே மண்ணே இல்லை. பெருச்சாளி வளை போட்டு இரண்டடி ஆழத்துக்குக் குடைந்து வைத்திருந்தது. வருடக்கணக்கில் ஒன்றரை அங்குலக் கடப்பைக் கல் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அடித்த ஆப்பு பாரம் முழுவதையும் ஒரே புள்ளியில் இறக்கிவிட்டது.

கால் நான்கு, கனம் ஆறு குவிண்டால்

பாரம் என்றால் மொத்த எடையை மட்டும் பார்க்கிறோம். அந்த எடை எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். 600 கிலோ பெட்டிக்கு நான்கு கால் என்றால் ஒரு காலுக்கு 150 கிலோ. கால் இரண்டு அங்குலச் சதுரம் என்றால் நான்கு சதுர அங்குலத்தில் 150 கிலோ இறங்குகிறது. அதைச் சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 5,400 கிலோ வீதம் வரும். கதவைத் திறந்தால் கதவின் கனம் முழுவதும் முன்னால் வந்துவிடும். அப்போது பின்னங்கால்களின் சுமை குறைந்து முன்னங்கால்களில் ஏறும். முன்பக்கம் அரை அங்குலம் இறங்கிய பெட்டியின் கதவைத் திறப்பது ஆபத்து என்று நான் சொல்வது அதனால்தான்.

அதே பெட்டியின் கீழே அதன் அகலத்துக்குக் கனமான இரும்புத் தகடோ, இரண்டு சானல் இரும்போ போட்டுப் பரப்பிவிட்டால் சதுர அடிக்கு நூற்றுச் சொச்சம் கிலோவில் நின்றுவிடும். பரப்புவதற்குக் கடப்பைக் கல்லை நம்பவேண்டாம். அடியில் கெட்டியாக மண் இருக்கிற வரைக்கும்தான் அது பலம். பள்ளம் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும்.

தரைத்தளம் என்றால் பயமில்லையா?

தரையில்தானே வைக்கிறோம், என்ன ஆகிவிடும் என்று நினைப்போம். எங்கள் விருதுநகர்ப் பக்கம் கரிசல் பூமி. மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். வெயில் காலத்தில் ரசமட்டம் பார்த்து வைத்த பெட்டி ஐப்பசி மழைக்கு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். செம்மண், சரளைப் பூமி உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பலசரக்குக் கடை எந்த மண்ணில் இருந்தாலும் எலி வரும்.

தளம் பொள்ளலாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. ஒரு கம்பியின் முனையால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போகவேண்டும். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும். பொள்ளல் இடத்தில் சட்டியைத் தட்டின மாதிரி கேட்கும். மொசைக், டைல்ஸ் தளத்துக்கும் இதே சோதனைதான். ஆனால் டைல்ஸில் சத்தம் மாறினால் மண் இறங்கித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஓட்டுக்கும் கலவைக்கும் நடுவில் பிடிப்பு விட்டிருந்தாலும் அப்படிக் கேட்கும். இரண்டு ஓடு பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விபத்துக்குப் பிறகு நாங்கள் பெட்டிக்கு இடம் செய்த விதத்தைச் சொல்கிறேன். பெட்டியின் அளவைவிட நான்கு பக்கமும் முக்கால் அடி கூட்டி, இரண்டரை அடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளி எறிந்தோம். அரை அடிக்கு ஒரு தடவை சரளை கொட்டித் தண்ணீர் விட்டுத் திம்சு போட்டோம். அதன்மேல் பெரிய ஜல்லியில் ஒன்றுக்கு நாலு எட்டுக் கலவை நான்கு அங்குலம். அதற்கும் மேல் 10 மில்லி கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் அரை அடிக்கு ஒன்றாகக் கட்டி, ஒன்றுக்கு இரண்டு நான்கு கலவையில் ஆறு அங்குலக் கான்கிரீட். மற்றத் தளத்தோடு இது ஒட்டக்கூடாது என்று கொத்தனார் சொன்னதால் சுற்றிலும் அரை அங்குலம் இடைவெளி விட்டு மணல் போட்டு மூடினோம். தளம் ஊதினாலும் பெட்டி மேடை தனியாக நிற்கும். ஈரச் சாக்கு போட்டு 14 நாள் தண்ணீர் விட்டோம். கொத்தனார் மூன்றாம் நாளே, "பெட்டியை ஏத்திரலாம் அண்ணாச்சி" என்றார். கொத்தனார்களுக்கு அவசரம் அடுத்த வேலைக்குப் போக. நமக்கு என்ன அவசரம்?

போல்ட் அடிப்பது

ஆறு குவிண்டால் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு பேரும் இரண்டு இரும்பு உருளையும் இருந்தால் போதும், பெட்டியை வண்டிவரைக்கும் உருட்டிவிடலாம். நாமே அப்படித்தானே அதைக் கடைக்குள் கொண்டுவந்தோம்! ஐரோப்பாவின் பெட்டித் தரவிதியில், 1,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பெட்டிக்குத் தளத்தோடு பூட்டுவதற்கு வசதி இருக்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். களவுக்கு மட்டுமல்ல, சாயாமல் இருக்கவும் அது உதவும்.

பெட்டி செய்தவர் அடிப்பக்கம் துவாரம் விட்டிருந்தால் அந்தத் துவாரத்தில்தான் போல்ட் போடவேண்டும். நாமாக வேறு இடத்தில் துளை போட்டால், நெருப்புக்குத் தாக்குப்பிடிக்க உள்ளே அடைத்திருக்கும் பொருள் வெளியே தெரிந்து ஈரம் ஏறும், துருவும் பிடிக்கும்.

ஆங்கர் போல்ட் கான்கிரீட்டைக் கவ்வவேண்டும். கடப்பைக் கல்லையோ டைல்ஸையோ கவ்வினால் பிரயோஜனமில்லை. டைல்ஸும் அதன் கீழே உள்ள கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம் இருக்கிறதென்றால் அந்த இரண்டு அங்குலத்தைக் கழித்துவிட்டு, கான்கிரீட்டுக்குள் மூன்று அங்குலம் போகிற நீளத்துக்கு போல்ட் வாங்கவேண்டும். கடையில் கைக்கு வந்த போல்ட்டை வாங்கிவந்து அடித்துவிட்டு, "பூட்டியாச்சு" என்று கூலி வாங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையால் ஆட்டினால் ஓட்டோடு வந்துவிடும். கல் தளத்துக்குக் கீழே வெறும் மண் என்றால் போல்ட்டே அடிக்கவேண்டாம். முதலில் மேடை கட்டுங்கள்.

இன்னொன்று, துளை போட்ட தூசியை ஊதி வெளியே எடுக்கவேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு போதும். தூசியோடு அடித்த போல்ட் முறுக்கும்போது இறுகின மாதிரி தெரியும், பிடிப்பு இருக்காது. மேடையின் விளிம்பிலிருந்து நான்கு அங்குலமாவது உள்ளே தள்ளித் துளை போடவேண்டும். ஓரத்தில் போட்டால் கான்கிரீட் பிளந்துவிடும். டைல்ஸ் தளத்தில் முதலில் அடிக்கிற விசையை நிறுத்திவிட்டுச் சுற்றுகிற விசையில் மட்டும் ஓட்டைத் துளைத்து, கான்கிரீட் வந்த பிறகு அடியைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓடு நட்சத்திரம் மாதிரி விரியும்.

மாடியில் சரக்கு

இதுதான் நம்மில் பலருக்கும் தலைக்கு மேல் தொங்குகிற விஷயம்.

இந்தியத் தரவிதி ஒன்று 1987-இல் வந்தது. அதன்படி குடியிருக்கிற வீட்டு அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குகிற அளவுக்குக் கட்டினால் போதும். சில்லறைக் கடை என்றால் 400 கிலோ. மொத்தக் கடை என்றால் சரக்கைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும், ஆனால் 600 கிலோவுக்குக் குறையக்கூடாது. கிட்டங்கிக்கு 750 கிலோவாவது வேண்டும். நமக்குப் புரிகிற சதுர அடிக் கணக்கில் சொன்னால், வீடு சுமார் 19 கிலோ, சில்லறைக் கடை 37, மொத்தக் கடை 56, கிட்டங்கி 70.

இப்போது நம் அட்டியைப் பாருங்கள். 50 கிலோ அரிசி மூட்டை படுக்க வைத்தால் சுமார் ஐந்து சதுர அடி அடைக்கும். பத்து மூட்டை அடுக்கினால் மார்பளவு உயரம்தான் வரும். ஆனால் 500 கிலோ, ஐந்து சதுர அடியில். சதுர அடிக்கு 100 கிலோ. வீட்டுக்கென்று கட்டிய மாடியில் இது ஐந்து மடங்கு! நடைபாதை விட்டு அடுக்குவதால் சராசரி கொஞ்சம் குறையும்; கட்டும்போது எஞ்சினீயர் விட்டுவைத்த காப்பும் கொஞ்சம் உண்டு. அதில்தான் பல மாடிகள் இன்று நின்றுகொண்டிருக்கின்றன. வீடாகப் பிளான் போட்டுக் கட்டி, பிறகு கீழே கடை, மேலே கிட்டங்கி என்று ஆக்கிய கட்டடங்கள் எல்லா ஊர் பஜாரிலும் உண்டு.

கொரியா நாட்டின் சியோல் நகரில் சாம்பூங் என்று ஒரு பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. வேறு உபயோகத்துக்கென்று போட்ட திட்டத்தைக் கடையாக மாற்றிக் கட்டியது அது. தூண்களை மெலிதாக்கினார்கள், மேலே ஒரு மாடி கூட்டினார்கள், அங்கே ஓட்டல்களை வைத்தார்கள். மொட்டைமாடியில் டன் கணக்கில் கனமுள்ள குளிர்சாதன இயந்திரங்களை, கிரேன் வைத்துத் தூக்காமல், தளத்தின்மேலேயே உருட்டி இடம் மாற்றினார்கள். 1995 ஜூன் 29 காலையில் மேல்மாடியில் விரிசல் பெரிதாகத் தெரிந்தது. அந்த மாடியை மட்டும் அடைத்துவிட்டு மற்ற மாடிகளில் வியாபாரத்தை நடத்தினார்கள். மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் கட்டடம் இறங்கிவிட்டது. 502 பேர் இறந்தார்கள்.

2013 ஏப்ரல் 24-இல் வங்கதேசத்தில் இடிந்த ராணா பிளாசாவும் கடைக்கும் அலுவலகத்துக்கும் என்று கட்டினதுதான். மேல்மாடிகளில் தையல் தொழிற்சாலைகளையும் ஜெனரேட்டர்களையும் ஏற்றினார்கள். முதல் நாளே விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தொழிற்சாலை ஆட்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள்.

இரண்டு இடத்திலும் கட்டடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. என் பெட்டியைப் பற்றி அந்தப் பையன் சொன்ன மாதிரி.

கான்கிரீட் மாடியில் சரக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் சுவர் ஓரமாக, பீம் போகிற வழியில் அடுக்குங்கள். அறையின் நடுவை நடைபாதையாக விடுங்கள். நாம் செய்வது நேர்மாறு. நடுவில் அட்டி, சுற்றிலும் பாதை. தெருப்பக்கம் நீட்டியிருக்கிற பால்கனி, சன்ஷேடு, பரண் ஆகியவற்றில் காலி டின், அட்டைப் பெட்டி தவிர வேறெதுவும் வேண்டாம். நீட்டல் தளம் உடைந்தால் எச்சரிக்கை கொடுக்காமல் உடையும். சுமை தூக்குகிறவர்கள் தலைமூட்டையைத் 'தொப்'பென்று போடுவதும் மாடியில் ஆகாது. இறக்கி வைக்கச் சொன்னால் முனகுவார்கள்தான்; கூட ஒரு ஆள் போட்டால் முனகல் நிற்கும்.

உப்பு மூட்டையை மாடியில் வைக்கவே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் உப்பு கசிந்து நீர் தளத்துக்குள் இறங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதில் உப்புக்கு நிகர் இல்லை. துருப்பிடித்த கம்பி பருக்கும், காரை உதிரும். கீழே நிற்கிறவர் தலையில் கான்கிரீட் சில்லு விழும்போதுதான் நமக்குத் தெரியும். தரைத்தளத்தில், பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி வைப்பதுதான் உப்புக்கு இடம்.

பழைய காரைக் கட்டடம்

தேக்குக் கட்டையை வரிசையாகப் போட்டு, சிறு செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, மேலே ஜல்லிக்காரை போட்டு ஓடு பதித்த மெட்ராஸ் டெரஸ் மாடிகள் பழைய கடைத்தெருக்களில் இன்னும் இருக்கின்றன. நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீர் இறங்கினாலும் கரையான் ஏறினாலும் முதலில் போவது அந்த முனைதான். வெளியே தெரிகிற கட்டை தங்கம் மாதிரி இருக்கும்.

நாங்கள் அப்படி ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து 1994 தீபாவளிக்குச் சீனியும் பட்டாணியும் ஏற்றினோம். கீழே கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். "தம்பி, பேரேட்டுல மண்ணு உதிருது, கதவும் நிலையில முட்டுது" என்றார். நான் ஒருமுறை பட்டவன். அந்த நிமிஷமே கீழே இருந்தவர்களை வெளியேற்றினேன். நடு அறையில் இருந்த மூட்டைகளை முதலில், ஒவ்வொன்றாக, இருப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடி நிற்காமல் இறக்கினோம். இரவு இரண்டு மணி ஆயிற்று. மறுநாள் சுவரைக் கொத்திப் பார்த்தால் இரண்டு கட்டையின் முனையில் மரமே இல்லை, மாவு. அந்த வருடம் தீபாவளி வியாபாரத்தில் நஷ்டம்தான்.

இந்த வகை மாடியில் இரும்புப் பெட்டி கூடாது. சுண்ணாம்புச் செங்கலில் ஆங்கர் போல்ட்டும் நிற்காது. ரேக் வைப்பதென்றால் கட்டைகளுக்குக் குறுக்காக, நான்கைந்து கட்டைமேல் பாரம் விழுகிற மாதிரி, சுவர் ஓரம் வையுங்கள். கட்டைக்கு இணையாக வைத்தால் பாரம் முழுவதும் ஒரே கட்டையில் இறங்கும். ரேக்கின் தலையைச் சுவரோடு பிடிக்க, சுவரை ஊடுருவிக் கம்பி போட்டு அந்தப் பக்கம் தகடு வைத்து நட்டு முறுக்குவதுதான் பத்திரம்.

ரேக் விஷயத்தில் எந்தத் தளமானாலும் ஒன்று சொல்லவேண்டும். 15 கிலோ எண்ணெய் டின்னை மேல்தட்டில் ஏற்றுகிறோம், அப்பளக்கட்டை அடித்தட்டில் வைக்கிறோம். கைக்கு எட்டுவதற்காகப் பையன்கள் கீழ்த்தட்டில் ஏறி நிற்பார்கள். உயரமான, ஒடுக்கமான ரேக் சாய அது போதும். கனமானது கீழே, தலைக்குச் சுவரில் கிளாம்பு. அதிகம் போனால் ஒரு நாள் வேலை.

மாடித் தளம் இறங்குகிறதா என்று பார்க்க, அடிப்பக்கம் சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளந்து சுவரிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளந்து அது கூடியிருந்தால் சரக்கை இறக்கிவிட்டு எஞ்சினீயரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கிற கட்டணம் இரண்டு மூட்டைச் சீனி விலைக்குள் அடங்கிவிடும்.

எங்கள் பெட்டி இன்னும் அதே கான்கிரீட் மேடையில் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைக்கும்போது போல்ட் நான்கையும் ஸ்பானர் வைத்துப் பார்ப்பது வழக்கம். சுற்றிலும் தளத்தைக் கம்பியால் தட்டிக் கேட்பது அன்று கால் போன அந்தப் பையன்தான். எங்கள் கடையிலேயே பில் எழுதுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன வருடம் வடமேற்கு மூலையில் ஓரிடத்தில் சத்தம் மாறுகிறது என்றார். அன்றே இரண்டு கல்லைப் பெயர்த்தோம். எலி வளை. கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடைத்துவிட்டுத்தான் பூஜைக்குச் சரக்கு வாங்கப் போனேன்.